ஒரே தட்டில் நால்வர்: எத்தியோப்பிய உணவகத்துக்கு முதன்முறை செல்வோருக்கு

வாஷிங்டன் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் உங்களை, உடன் பணிபுரியும் எத்தியோப்பிய நண்பர் ஒருவர் சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள எளிய உணவகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு அழைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி சைவம். நீங்கள் கோழியும் ஆட்டிறைச்சியும் உண்பீர்கள், மாட்டிறைச்சி உண்பதில்லை. எல்லோரும் ஒரே தட்டில் கைவைத்து உண்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எச்சில் பற்றிய தயக்கம் இருவருக்கும் இருக்கிறது. அங்கே என்ன கேட்டு வாங்குவது, எப்படி உண்பது, எதைத் தவிர்ப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், அது தீர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. எத்தியோப்பியரின் பொதுத்தட்டை எச்சில் பாராட்டாதவர்களின் வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். விரல் வாயில் படாமலும், வாயருகே சென்றது தட்டுக்குத் திரும்பாமலும் உண்பதற்கு அங்கே கண்டிப்பான ஒழுங்கு ஒன்று இருக்கிறது. உணவைத் தொடுவது விரல் அன்று, இஞ்செரா என்னும் புளித்த மாவு அப்பத்தின் துண்டுதான். ஒவ்வொரு வாய்க்கும் புதிய துண்டு கிழிக்கப்படுகிறது. அந்தத் துண்டு குழம்பைப் பற்றியெடுத்து, குழம்போடு சேர்ந்து வாய்க்குள் போய்விடுகிறது. ஒரு முறை கடித்துவிட்டு மீதியைக் கொண்டு மறுபடியும் எடுப்பது அங்கே எவரும் செய்யாத செயல். விரலை நக்குவது அநாகரிகம். நமக்கு முன்னால் உள்ள பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவரின் பக்கம் கையை நீட்டக் கூடாது. இந்த மூன்று வழக்கங்களையும் கடைப்பிடித்தால், நால்வர் உண்ட தட்டிலும் எச்சில் பட்ட இடம் என்று ஒன்று இருக்காது.

செய்முறை இப்படி. உணவுக்கு முன்பும் பின்பும் கை கழுவுகிறோம். சில உணவகங்களில் செம்பும் தாம்பாளமும் மேசைக்கே வரும். பெரும்பாலான எளிய கடைகளில் நாமே எழுந்து சென்று கழுவிக்கொள்ள வேண்டும். வலக்கையால் மட்டும் உண்பது அவர்கள் வழக்கமும்கூட. இதில் நமக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. புதியது விரல்களின் வேலை. சுருட்டி வைத்திருக்கும் இஞ்செராவை எடுத்து, உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு துண்டைக் கிழியுங்கள். அதன் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சிறு துளைகள் நிறைந்தும் இருக்கும். வழுவழுப்பான பக்கம் விரல்களில் படும்படியும், துளைகள் உள்ள பக்கம் குழம்பின்மேல் படியும்படியும் துண்டைக் கவிழ்த்து, இரு ஓரங்களையும் பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் நெருக்கினால் உணவு உள்ளே வந்து சிக்கிக்கொள்ளும். பிசைய வேண்டாம். சோற்றைப் பிசைந்து பழகிய கை முதலில் தடுமாறும். மிகச் சிறிய துண்டைக் கிழிப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். துண்டு சற்றுப் பெரிதாக இருந்தால் விரலில் குழம்பே படாது.

இஞ்செராவைத் தோசை என்று பலர் உங்களிடம் சொல்வார்கள். அந்த எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புளித்த மாவை வட்டமாக வார்ப்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. இதில் உளுந்து இல்லை, எண்ணெய் இல்லை, முறுகல் இல்லை; குளிர்ந்து மென்மையாக, துணிபோல மடியும் நிலையில்தான் பரிமாறுவார்கள். புளிப்பும் நம் மாவின் புளிப்பைவிடக் கூர்மையானது. டெஃப் என்னும் தானியத்தின் மாவிலிருந்து இது செய்யப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தத் தானியம் எத்தியோப்பிய, எரித்திரிய மேட்டுநிலங்களின் பழம்பயிர். முந்தைய மாவின்மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எர்ஷோ என்பார்கள். அதைப் புது மாவில் உறையாக ஊற்றி இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். பிறகு மாவின் ஒரு பகுதியை மட்டும் தனியே கொதிக்க வைத்து மறுபடியும் கலக்கிறார்கள். மேற்பரப்பில் துளைகள் செறிந்து எழுவதற்கு இந்தப் படி முக்கியம். மிதாத் என்னும் அகன்ற மண் கல்லில், வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கிச் சுழற்றி ஊற்றி, மூடியிட்டு வேக விடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. அதனால்தான் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் துளையோடும் வருகிறது. அந்தத் துளைகளுக்குக் கண்கள் என்று பெயர்; கண்கள் நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால்தான் இஞ்செரா தேறியது என்று வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் கோதுமை ஒவ்வாமை இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெஃப் தானியத்தில் குளூட்டன் இல்லை. ஆனால் அமெரிக்காவில் டெஃப் மாவு விலை கூடியது என்பதால் கோதுமை அல்லது வாற்கோதுமை மாவைக் கலப்பது பரவலான வழக்கம். முழுவதும் டெஃப் மாவில் செய்தது வேண்டுமென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பல கடைகளில் அதற்குத் தனி விலையும், ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

இனி என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன். முதன்முறை செல்பவர்கள் பட்டியலிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உணவைத் தேர்ந்தெடுப்பது வீண். நால்வர் மேசைக்குச் சைவப் பெயாய்நெத்து இரண்டு, இறைச்சி உணவு ஒன்று அல்லது இரண்டு என்று சொன்னால் போதும். பெயாய்நெத்து என்றால் பலவகையும் சேர்ந்தது. பெரிய இஞ்செரா ஒன்றைத் தட்டில் விரித்து, அதன்மேல் ஏழெட்டு வகைப் பருப்பும் காய்கறியும் சிறு சிறு குவியலாக வைத்திருப்பார்கள். அதில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் இவைதாம்: மைசூர்ப் பருப்பைப் பெர்பெரே என்னும் சிவப்பு மசாலாவோடு குழைய வேகவைத்த மிஸிர் வொட், மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் காரமின்றி மஞ்சளும் இஞ்சியும் சேர்த்துச் செய்த கிக் அலிச்சா, தடித்த இலைக்கீரையைப் பூண்டோடு வதக்கிய கோமன், முட்டைக்கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பொரியல், பீன்சும் கேரட்டும் கலந்த ஃபாசோலியா, பீட்ரூட், பச்சை மிளகாய் தூவிய தக்காளிக் கலவை. சில இடங்களில் கடுகின் காட்டம் ஏறிய அஸிஃபா என்னும் குளிர்ந்த பருப்பும் இருக்கும். அது இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

பெயரில் வொட் என்று வந்தால் காரச் சிவப்புக் குழம்பு, அலிச்சா என்று வந்தால் காரமில்லாத மஞ்சள் குழம்பு என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அலிச்சா வகைகளை அவர்கள் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள்.

சைவ உணவு இவ்வளவு செழிப்பாக அங்கே வளர்ந்ததற்குக் காரணம் விரதம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் புதன், வெள்ளி இரு நாள்களிலும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய 55 நாள்களிலும், ஆகஸ்டில் மரியன்னைக்கான விரதத்திலும், இன்னும் பல காலங்களிலும் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடுவதில்லை. கணக்கிட்டால் சாதாரண விசுவாசிக்கே ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள்கள் விரதம். குருமாருக்கு இன்னும் அதிகம். ஆண்டில் பாதி நாள் பருப்பையும் கீரையையும் உண்ணும் ஒரு சமூகம் அவற்றை எவ்வளவு அக்கறையோடு சமைக்கும் என்பதை அந்தத் தட்டிலேயே பார்க்கலாம். இறைச்சி உண்பவராக இருந்தாலும் முதல் வருகையில் சைவத் தட்டையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அந்தச் சமையலின் நுட்பம் முழுவதும் அதில் இருக்கிறது.

உங்கள் மனைவிக்காக நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சொல் ட்ஸோம். விரதம் என்று அதற்குப் பொருள். வெஜிடேரியன் என்று கேட்பதைவிட இது பயன் தரும். ஏனெனில் விரதமற்ற நாள்களில் கீரையையும் ஷிரோ என்னும் கடலைமாவுக் குழம்பையும் நித்தர் கிபே என்னும் மசாலா நெய்யில் சமைப்பது உண்டு, ட்ஸோம் என்று சொல்லிவிட்டால் எண்ணெயில் சமைத்தது மட்டுமே வரும். நெய்யில் தடை இல்லையென்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் மூன்று பொறிகள் உண்டு. போசெனா ஷிரோ என்று பட்டியலில் இருப்பது மாட்டிறைச்சித் துண்டுகள் சேர்ந்தது. வெறும் ஷிரோ அல்லது மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் ஷிரோ தெகாபினோ என்று கேளுங்கள். கோமன் பெ ஸிகா என்றால் இறைச்சியோடு வேகவைத்த கீரை. மூன்றாவது மீன். விரத நாளில் மீன் உண்ணலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால், பல உணவகங்கள் விரதப் பட்டியலில் மீனையும் சேர்த்திருக்கும். மீனும் வேண்டாம் என்று தனியே சொல்லிவிடுவது நல்லது.

அதைவிட முக்கியம், சைவத்தையும் இறைச்சியையும் ஒரே இஞ்செராவில் பரிமாறுவது அங்கே இயல்பு. கோழிக் குழம்பை நடுவில் ஊற்றினால் அது மெல்லப் பரவிப் பருப்பைத் தொடும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே சைவத்தைத் தனித்தட்டில் தரும்படி கேளுங்கள். இதை எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விரதம் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே மேசையில் அமர்வது அவர்கள் வீடுகளில் அன்றாடம் நடப்பது.

உங்களுக்கு டோரோ வொட். பெருவிழாவுக்கான கோழிக் குழம்பு இது. உயிர்ப்பு விழாவன்று 55 நாள் விரதத்தை முடித்து வைப்பதும் ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ் விருந்தில் இருப்பதும் இதுதான். வெங்காயத்தை மிகப் பொடியாக அரிந்து, முதலில் எண்ணெயோ நெய்யோ இல்லாமல் வெறும் பாத்திரத்தில் மெல்லிய தீயில் வதக்குகிறார்கள். அடிப்பிடிக்கும்போது சிறிது நீர் தெளித்துக் கிளறுகிறார்கள். வெங்காயம் உருத்தெரியாமல் கரைந்து கூழான பிறகுதான் நெய்யும் பெர்பெரேயும் சேரும். குழம்பின் கெட்டித்தன்மை முழுவதும் வெங்காயம் தருவது. தேங்காயோ மாவோ எதுவும் இல்லை. கோழியை முறைப்படி 12 துண்டுகளாக வெட்ட வேண்டும் என்பது பழைய வழக்கம், அவித்த முட்டைகள் இறுதியில் குழம்பில் விழும். மணிக்கணக்கில் ஆகும் இந்தச் சமையலை அவசரப்படுத்தியிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்: வெங்காயம் பல்லில் படும்.

பெர்பெரேயின் மணம் உங்களுக்கு முழுக்க அந்நியமாகத் தோன்றாது. மிளகாயோடு வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், பூண்டு, இஞ்சி, இலவங்கம் ஆகியன அதில் இருக்கின்றன. புதிதாக உணரப்போவது கொரரிமா. ஏலக்காயின் உறவினமான அந்நாட்டு விதை, சற்றுப் புகைந்த கற்பூர வாசனை கொண்டது.

ஆட்டிறைச்சியில் திப்ஸ் கேளுங்கள்: வெங்காயம், பச்சை மிளகாய், ரோஸ்மேரி இலையோடு அதிக வெப்பத்தில் வதக்கிய துண்டுகள். ஆனால் வெறுமனே திப்ஸ் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் வரும். யெபெக் என்றால் செம்மறியாடு, யெஃபியெல் என்றால் வெள்ளாடு. ஸிகா என்ற சொல் பொதுவாக இறைச்சியைக் குறித்தாலும் உணவகப் பட்டியலில் மாட்டிறைச்சி என்றே கொள்ளுங்கள். பன்றியிறைச்சியைப் பற்றிய கேள்வியே எழாது. எத்தியோப்பியக் கிறிஸ்தவரும் முஸ்லிமும் அதை விலக்குகிறார்கள்.

கித்ஃபோ என்ற பெயரையும் தெரிந்துகொள்வது நல்லது. குராகே மக்களின் உணவான அது, மிகப் பொடியாக அரிந்த பச்சை மாட்டிறைச்சியில் வெதுவெதுப்பான மசாலா நெய்யும் மித்மித்தா என்னும் காரப்பொடியும் கலந்தது. மோரைச் சூடாக்கித் திரித்தெடுக்கும் அயிப் என்னும் பாலாடைக்கட்டி துணைக்கு வரும். நீங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: லெப் லெப் என்றால் இலேசாகச் சூடுகாட்டியது, முழுவதும் வேகவைத்துத் தரும்படியும் கேட்கலாம். பச்சை மாட்டிறைச்சியால் நாடாப்புழு தொற்றுவது எத்தியோப்பியாவில் நெடுங்காலமாக இருந்துவரும் தொல்லை. கருவுற்றவர்கள் பச்சையாகத் தொடவே கூடாது.

நண்பரோடு உண்ணும்போது குர்ஷா நிகழும். அதற்கு ஆயத்தமாகச் செல்லுங்கள். நல்ல துண்டு ஒன்றை இஞ்செராவில் பொதிந்து, ஒருவர் மற்றவரின் வாயில் தம் கையாலேயே ஊட்டுவது குர்ஷா. மூத்தவர் இளையவருக்கும், அழைத்தவர் விருந்தினருக்கும், மணமக்கள் ஒருவருக்கொருவரும் ஊட்டுவார்கள். அன்பும் மரியாதையும் அதில் ஒருசேர இருக்கின்றன. கவளம் சற்றுப் பெரிதாகவே இருக்கும். ஊட்டுபவரின் விரல் உதட்டில் படாதபடி வாயை நன்றாகத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்தால் மறுக்காதீர்கள்; உங்கள் மனைவிக்கு நண்பரின் மனைவி ஊட்டினால் அது இயல்பாக இருக்கும், சைவம் என்பதை முன்பே சொல்லியிருந்தால் கவளமும் அதற்கேற்ப வரும். மனம் ஒப்பவில்லையென்றால் சிரித்தபடி நன்றி சொல்லி விலக்கலாம், அதனால் நட்பு குறையாது. நண்பர் தம் பக்கத்திலிருந்து முட்டையையோ நல்ல இறைச்சித் துண்டையோ உங்கள் பக்கம் ஓசையின்றித் தள்ளிவைப்பதையும் கவனிப்பீர்கள். அதுவும் உபசரிப்பே.

தட்டு காலியாகும்போது அடியில் விரித்த இஞ்செரா மிஞ்சியிருக்கும். அது இலைபோல எறிவதற்கு உரியதன்று. ஏழெட்டுக் குழம்பின் சாறும் ஊறி நிற்கும் அந்த அடிப்பகுதிதான் முழு உணவிலும் மிகச் சுவையானது. ஓரத்திலிருந்து கிழித்து உண்ணுங்கள். சுருட்டிய இஞ்செரா தீர்ந்தால் மேலும் கேட்கலாம். பல கடைகளில் அதற்குக் கட்டணம் இல்லை, சிலவற்றில் சிறு தொகை உண்டு. ஆனால் இஞ்செரா வயிற்றில் நின்று நிறைப்பது. அவசரமாக உண்டால் பாதியிலேயே திணறிவிடுவீர்கள்.

பானங்களில் தேஜ் என்பது தேனைக் கேஷோ என்னும் செடியின் இலை, தண்டோடு புளிக்க வைத்த மது. இனிப்பு அதன் வலிமையை மறைத்துவிடும் என்பதால் வண்டி ஓட்டுபவர் கவனமாக இருக்க வேண்டும். மது அருந்தாதவர்கள் அம்போ என்னும் இயற்கைக் குமிழ்நீரைக் கேட்கலாம்.

காப்பியைத் தவறவிடாதீர்கள். காப்பிச் செடி எத்தியோப்பியக் காடுகளில் இயற்கையாக வளர்வது. அங்கே அதைக் குடிப்பதற்கென்று தனிச் சடங்கே இருக்கிறது. எளிய உணவகங்களிலும் முன்கூட்டிக் கேட்டால் அதைச் செய்வார்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பெண் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, பச்சைக் கொட்டைகளைக் கழுவி, சிறு வாணலியில் கறுக்கும்வரை வறுத்து, புகை எழும் வாணலியை ஒவ்வொருவர் முன்பும் கொண்டுவருவார். அந்தப் புகையைக் கையால் முகத்தின் பக்கம் வீசி முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு தூளாக்கி, ஜெபெனா என்னும் கழுத்து நீண்ட கரிய மண்கூசாவில் கொதிக்க வைத்து, கைப்பிடியில்லாத சிறு கிண்ணங்களில் உயரத்திலிருந்து இழை அறாமல் ஊற்றுவார். சாம்பிராணி புகையும், கொறிக்கச் சோளப்பொரி வரும். அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்றுகள் உண்டு. மூன்றாவது ஆசியைக் குறிக்கும் என்பதால் அதற்குமுன் எழுந்து போவது நல்லதன்று. பால் கேட்க வேண்டாம், சர்க்கரை தருவார்கள்.

வாஷிங்டனைச் சுற்றி இந்த உணவகங்கள் இவ்வளவு இருப்பதன் பின்னணியையும் அறிந்து செல்வது, நண்பரோடு பேசும்போது உதவும். 1974-இல் பேரரசர் ஹெய்லி செலாசியை இராணுவத்தினர் பதவியிறக்கிய பிறகு தொடர்ந்த வன்முறை ஆண்டுகளில் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர்; அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அவர்கள் இங்கே குடியேற வழி திறந்தது. முதலில் ஆடம்ஸ் மார்கன் பகுதியில் உணவகங்கள் திரண்டன. வாடகை ஏற ஏற யூ தெருவை ஒட்டிய பகுதிக்கும், பின்னர் மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங்குக்கும் வர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியாவுக்கும் பரவின. நாட்டைவிட்டு வந்த சூழலைப் பற்றி நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள், அவர்களே சொன்னால் கேளுங்கள். ஆனால் வயதில் மூத்தவர் ஒருவர் உங்களைப் பார்த்து நீங்கள் இந்தியரா என்று கேட்டுத் தம் பள்ளி ஆசிரியரை நினைவுகூர வாய்ப்புண்டு. பேரரசர் காலத்தில் இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்து, ஏராளமான ஆசிரியர்கள் எத்தியோப்பியப் பள்ளிகளில் பணியாற்றினார்கள். அவர்களிடம் கணக்கும் அறிவியலும் படித்தவர்கள் இன்றும் அந்த நன்றியோடு பேசுவதைக் கேட்கலாம்.

உணவு மிஞ்சினால் கட்டித் தரச் சொல்லுங்கள். ஆனால் குழம்பையும் இஞ்செராவையும் தனித்தனியே கேளுங்கள், சேர்த்துக் கட்டினால் வீடு செல்வதற்குள் கரைந்துவிடும். மறுநாள் காலை இஞ்செராவைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, சூடாக்கிய மிஸிர் வொட்டில் சிறிது நீர்விட்டுப் புரட்டினால் அதுவே ஃபிர்ஃபிர். எத்தியோப்பிய வீடுகளில் காலை உணவாக இருப்பதும் அதுதான்.